ஐந்து தடவை மாற்று, ஒரு தடவை எனக்காக

என் வீட்டுக்காரர் சட்டசபைக்கு ஆறு தடவை நின்றவர். அதில் முதல் ஐந்து தடவையும் அவர் பக்கத்தில் உட்கார்ந்து நானும் மனு கொடுத்திருக்கிறேன். வெளியூர்க்காரர்களிடம் இதைச் சொன்னால் புருஷனை எதிர்த்தா நின்றாய் என்று கேட்பார்கள். எதிர்த்து இல்லை. நான் மாற்று வேட்பாளர்.

அது என்னவென்று தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். கட்சி நிறுத்துகிற ஆளின் மனுவில் ஏதாவது குறை வந்து தள்ளுபடியாகிவிட்டால் கட்சிக்கு அந்தத் தொகுதியில் ஆளே இல்லாமல் போய்விடும். அதற்காகக் கூடவே இன்னொருவரும் மனு கொடுத்து வைப்பார். பெரும்பாலும் பெண்டாட்டி, இல்லாவிட்டால் பிள்ளை. மோட்டார் வைத்த படகில் ஒரு துடுப்பையும் போட்டுக்கொண்டு போகிற மாதிரிதான். மோட்டார் ஓடினால் துடுப்புக்கு வேலையில்லை. அவர் மனுவை ஏற்றுக்கொண்டோம் என்று அதிகாரி சொன்ன அந்த நிமிடமே என் மனு தன்னால் விழுந்துவிடும்.

ஐந்து தடவை விழுந்தது. ஐந்து தடவையும் நான் பட்டுப்புடவை கட்டிக்கொண்டுதான் போனேன். அதிகாரி முன்னால் நின்று உறுதிமொழி சொல்ல வேண்டும். நான் மூன்றாவது வரை படித்தவள். எழுத்துக்கூட்டித்தான் படிப்பேன். ஆனால் அந்த உறுதிமொழியை நான் எழுத்துக்கூட்டிச் சொன்னதில்லை. முதல் தடவைக்கே இருபது நாள் மனப்பாடம் பண்ணினேன். அதற்குப் பிறகு மறக்கவே இல்லை. அவர் ஒவ்வொரு தடவையும் தாளைப் பார்த்துத்தான் படிப்பார், நடுவில் தடுமாறுவார். நான் தடுமாறியதில்லை. இதை யாரும் கவனித்ததாகத் தெரியவில்லை.

எங்கள் பிறப்பு கடலோரத்தில். கடலூருக்கும் பரங்கிப்பேட்டைக்கும் நடுவில் அடுத்தடுத்த இரண்டு ஊர், ஒன்று அவருடையது, ஒன்று என்னுடையது. இரண்டும் மீன்பிடிக்கிற ஊர். அவர் விசைப்படகு வாங்கி, ஐஸ் கம்பெனி வைத்து, கட்சியில் சேர்ந்து மேலே வந்தார். அதற்குப் பிறகு சிதம்பரத்தில் தேர் ஓடுகிற வீதிக்குப் பின் தெருவில் வீடு கட்டினோம். நான் எம்.எல்.ஏ. வீட்டு அம்மா ஆனேன். கட்சிக்காரர்கள் முன்னால் அம்மா என்பார்கள், பின்னால் டம்மி அம்மா என்பார்கள். மாற்று வேட்பாளரை அவர்கள் டம்மி என்றுதான் சொல்வது. என் காதில் விழுந்திருக்கிறது. நான் திரும்பிப் பார்த்ததில்லை. திரும்பிப் பார்த்தால் அது எனக்கு உறைத்துவிட்டது என்று ஆகிவிடுமே.

ஆறாவது தேர்தல் வந்தது. கல்யாண மண்டபத்தில் கட்சிக் கூட்டம். என்னையும் மேடையில் ஓரமாக உட்கார வைத்திருந்தார்கள். அவர் பேசும்போது கூட்டத்தைச் சிரிக்க வைப்பதில் கெட்டிக்காரர். அன்றைக்கு என் பக்கம் கையைக் காட்டினார்.

"இதோ ஒக்காந்திருக்காங்களே எங்க வூட்டம்மா, எனக்குச் சமமா அஞ்சு தடவ மனு போட்டவுங்க. வாங்குன ஓட்டு எவ்ளோ தெரியுமா? என் ஓட்டு கூட அவுங்களுக்கு வுழல!"

மண்டபமே சிரித்தது. நானும் சிரித்தேன். மேடையில் இருந்தால் சிரிக்கத்தான் வேண்டும். ஆனால் சிரிப்பு முடிந்த பிறகும் என் முகம் அப்படியே இருந்தது, அதை எப்படிக் கீழே இறக்குவது என்று தெரியவில்லை.

அதற்கு இரண்டு நாள் கழித்து மீன் வாங்கப் போனேன். வீட்டில் ஆள் இருக்கிறது, ஆனாலும் மீன் வாங்க நான்தான் போவேன். என் ஊர்ப் பெண்கள் கடலூர் துறைமுகத்தில் விடியற்காலை ஏலத்தில் எடுத்துக்கொண்டு பஸ் பிடித்து வந்து, சிதம்பரத்தில் சாலை ஓரமாக வரிசையாகக் கூடை வைத்து உட்காருவார்கள். மத்தியானம் இரண்டு மணி வரை உட்கார்ந்திருப்பார்கள். என் அண்ணன் பெண்டாட்டியும் அதில் ஒருத்தி. அண்ணன் கடலோடு போய்ப் பன்னிரண்டு வருஷம் ஆகிறது. அண்ணிக்கு என்னைவிட இரண்டு வயதுதான் கூட.

அன்றைக்கு அண்ணி பக்கத்தில் எப்போதும் உட்காருகிறவள் இல்லை. எங்கே என்று கேட்டேன்.

"ஆஸ்பத்திரில கெடக்குறா. மூத்தரத்துல ரத்தமா வருதாம்" என்றாள் அண்ணி. "டாக்டரு தண்ணி குடி தண்ணி குடின்றாரு. குடிச்சா எங்க போறது? முன்ன அந்த மில்லுக்குப் பின்னால ஒதுங்குவோம். இப்ப அங்கயும் செவுரு வெச்சுட்டான்."

"நாங்கல்லாம் ராத்திரி சோத்தோட தண்ணிய நிறுத்திடுவோங்க்கா. வூட்டுக்குப் போயிதான் அடுத்த சொம்பு" என்றாள் நெத்திலி விற்கிற பெண்.

இது எனக்குப் புதிதில்லை. மூன்று தேர்தலாக இவர்கள் கேட்பது இது ஒன்றுதான். உட்காருகிற இடத்துக்குப் பக்கத்தில் பொம்பளைகளுக்கு ஒரு கக்கூஸ். நான் அவரிடம் சொல்வேன். அவர் "பாக்கலாம்" என்பார். அவர் எம்.எல்.ஏ.வாக இருந்த பத்து வருஷமும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்.

"இந்தத் தடவயும் ஒம் வூட்டுக்காரருதானா?" என்று அண்ணி கேட்டாள்.

"ஆமா."

"நீ?"

"நான் எப்பவும் போல மாத்து."

அண்ணி ஒரு சங்கரா மீனைத் திருப்பிப் போட்டு வாலை அரிந்தாள். "மாத்து மாத்துன்னு எத்தினி நாளுக்குடி? நேராத்தான் நின்னு தொலையேன். நாங்க போடுறோம்."

எல்லாரும் சிரித்தார்கள். அண்ணியும் சிரித்தாள். மண்டபத்துச் சிரிப்பு மாதிரி இல்லை இது. வீட்டுக்கு வந்து மீனைக் கழுவும்போது, அண்ணி விளையாட்டுக்குச் சொன்னாளா நிஜமாகச் சொன்னாளா என்று யோசித்தேன். எனக்கு அது நிஜமாகவே பட்டது.

கட்சிக்காரருக்கு ஒரு ஆள் முன்மொழிந்தால் போதும், சுயேச்சைக்குப் பத்துப் பேர் வேண்டும் என்பது எனக்குத் தெரியும். கட்சி வக்கீல் எங்கள் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து பேசும்போது காபி கொண்டுபோய் வைத்தபடி கேட்டதுதான். இருபத்தைந்து வருஷம் காபி வைத்ததில் நான் கற்றது கொஞ்சமில்லை என்று நினைத்தேன். பத்துப் பேரும் தொகுதி ஓட்டர் லிஸ்ட்டில் இருக்க வேண்டும், லிஸ்ட் நம்பர் எழுத வேண்டும், அவரவர் கையொப்பம் வேண்டும். மனுத்தாளை எங்கே வாங்குவது என்றும் தெரியும். வாங்கினேன். பெயரும் நம்பரும் எழுத மட்டும் தெருவில் இருக்கிற டியூஷன் டீச்சரிடம் போனேன். அவள் எழுதித் தந்தாள், வெளியே சொல்லவில்லை.

ஒரு மத்தியானம், விற்பனை முடிந்த பிறகு, ஊரில் அண்ணி வீட்டில், முன்மொழியச் சம்மதித்த மீன்காரிகள் பத்துப் பேரும் நானும் கூடினோம். ஆஸ்பத்திரியிலிருந்து வந்தவளும் வந்திருந்தாள், சுவரில் சாய்ந்து உட்கார்ந்துகொண்டாள். நான் தாளை வைத்துப் பேனாவை நீட்டினேன். நெத்திலிக்காரி வாங்கினாள். அவள் எட்டாவது பாஸ்.

அண்ணி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "இரு. கையெழுத்து வேணாம்."

"ஏன் பெரிம்மா? எனக்கு நல்லாப் போட வரும். மகளிர் குழுவுல நாந்தான் போடுறேன்."

"நீ போடுவ. இவ போடுவா. குழுவுல கத்துக்கிட்டு ஏழு பேரு போடுவீங்க. எல்லாம் ஒரே மாதிரி கோணக் கோணயா இருக்கும். அந்த வக்கீலு இன்னா சொல்லுவான்? எல்லாத்தையும் என் நாத்தனாரே வூட்ல ஒக்காந்து போட்டுகினு வந்துட்டான்னுவான். அப்ப இன்னா பண்ணுவ?"

நெத்திலிக்காரி பேனாவைக் கீழே வைத்தாள்.

"ரேகைய வையுங்கடி. ரேகைய யாராலயும் இன்னொருத்தருக்காக வெக்க முடியாது."

எனக்கும் அதுதான் சரி என்று பட்டது. சரி என்ன, அதைவிடச் சரி எதுவும் இல்லை என்றே பட்டது. எங்கள் ஊரில் படகுப் பங்கு பிரித்தாலும், இரண்டு வீட்டுச் சண்டை தீர்ந்து கோயில் வாசலில் சமாதானம் எழுதினாலும், காலேஜ் படித்தவனும் ரேகைதான் வைப்பான். கையெழுத்தை மட்டும் போட்டுவிட்டுப் போனால், பின்னால் மாற்றிப் பேச வழி வைத்துக்கொண்டு போகிறான் என்று அர்த்தம். பத்திரம் பதிகிற இடத்தில்கூடக் கையெழுத்து வாங்கிய பிறகும் விரலைப் பிடித்து உருட்டுகிறார்களே. அந்த வக்கீல் என்ன சொல்வான் என்ற பயமும் எனக்கு இருந்தது. ஏழு கையெழுத்தைச் சந்தேகப்படலாம், பத்து ரேகையை என்ன செய்வான்?

மை டப்பா வாங்கி வந்தோம். சுலபமாக விழவில்லை. இருபது முப்பது வருஷமாக மீன் அரிந்து, ஐஸில் கைவிட்டு, உப்புத் தண்ணீரில் ஊறிய விரல்கள். ரேஷன் கடை மிஷின் இவர்கள் விரலை ஏற்காது, நாலு தடவை துடைத்துத் துடைத்து வைக்க வேண்டும். எலுமிச்சம்பழம் தேய்த்துக் கழுவி, துணியில் துடைத்து, ஒவ்வொரு விரலையும் நானே பிடித்து மெதுவாக உருட்டினேன். ஆஸ்பத்திரிக்குப் போய் வந்தவளின் விரல் சூடாக இருந்தது. பத்தும் விழுந்ததும் தாளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தோம். கோடுகள் தெளிவாகத் தெரிந்தன.

"இதுக்கு மேல ஒரு அத்தாட்சி உண்டா?" என்றாள் அண்ணி.

பத்துப் பேரையும் சிதம்பரத்தில் மனு வாங்குகிற ஆபீசுக்கு அழைத்துப் போகிற யோசனை எனக்கு வரவில்லை என்று சொல்லமாட்டேன். வந்தது. ஆனால் அந்த வாசலில் எங்கள் கட்சிக்காரர்கள் காலையிலிருந்து நிற்பார்கள். பத்து மீன்காரிகளோடு நான் போனால் அரை மணியில் ஊருக்குத் தெரிந்துவிடும், இவர்கள் புருஷன்மார் வந்து இழுத்துக்கொண்டு போய்விடுவார்கள். அதனால்தான் எல்லாம் வீட்டிலேயே முடியட்டும் என்று நினைத்தேன்.

மனுவோடு சொத்து, வழக்கு விவரமெல்லாம் எழுதிய பிரமாணப் பத்திரம் ஒன்று வேண்டும், நோட்டரி முத்திரையோடு. சிதம்பரத்தில் செய்தால் வெளியே வந்துவிடும். கடலூருக்கு பஸ் ஏறி மஞ்சக்குப்பம் போனேன். கோர்ட்டுக்கு எதிரே மரத்தடியில் மேஜை போட்டு உட்கார்ந்திருந்த ஒரு வயதான வக்கீலைப் பிடித்தேன். அவர் எழுதிக்கொண்டே வந்து மேலே பார்த்தார்.

"யாருக்கு மாத்தும்மா இது?"

"யாருக்கும் இல்ல. எனக்குத்தான்."

கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "வீட்டுக்காரரு பேரப் பாத்தா அங்கயே நிக்கிறவராச்சே?"

"அவரு கட்சில நிக்கிறாரு. நான் என் பேருல நிக்கிறேன்."

அவர் சிரிக்கவில்லை. முத்திரை வைத்துவிட்டு, "முன்மொழியறவங்க தாளு கைல இருக்குதா? குடுங்க, ஒரு தடவ பாத்துடறேன். அதுலதான் ஜாஸ்தி பேருக்கு அடிபடுது" என்றார்.

பைக்குள் இருந்தது. எடுத்துக் கொடுக்கக் கை போனது. அவர் மேஜைக்கு முன்னால் இன்னும் மூன்று பேர் நின்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். ஒன்றும் தெரியாத கிழவி என்று அவர்கள் நினைத்துக்கொள்வார்கள் என்று தோன்றியது.

"வேண்டாங்க. அஞ்சு தடவ மனு போட்டவ நான்" என்றேன்.

அவர் சரி என்று தலையாட்டினார். அந்த மேஜையைத் தாண்டி நான் நடந்து வந்தது இன்றைக்கும் என் கண்ணில் நிற்கிறது.

கடைசி நாள்தான் அவருக்கு நல்ல நேரம் என்று ஜோசியர் குறித்திருந்தார். மத்தியானம் இரண்டரைக்கு மேல் மூன்றுக்குள். மூன்று மணிக்கு வாங்குவதை நிறுத்திவிடுவார்கள். மேளம், மாலை எல்லாம் வெளியே நின்றுவிட, உள்ளே நாங்கள் ஐந்து பேர் போனோம். அவர், நான், வக்கீல், கட்சிக்காரர் இருவர். அவர் மனுவைக் கொடுத்து உறுதிமொழி படித்தார். இந்தத் தடவையும் தடுமாறினார். பிறகு வக்கீல் எனக்கான மாற்று மனுவை என் கையில் கொடுத்து, "குடுங்கம்மா" என்றார்.

அதை மடியில் வைத்துக்கொண்டேன். பையைத் திறந்து என்னுடையதை எடுத்து மேஜையில் வைத்தேன்.

"அம்மா, அது இல்ல" என்றார் வக்கீல்.

"இதுதான்" என்றேன். "கட்சி இல்ல. சுயேச்சை."

என் வீட்டுக்காரர் என்னைத் திரும்பிப் பார்த்தார். நாற்பத்தெட்டு வருஷம் குடித்தனம் பண்ணினதில் அப்படி ஒரு பார்வை நான் பார்த்ததில்லை. கோபம்கூட இல்லை. வீட்டில் அதுவரை இல்லாத ஒரு சாமானைப் பார்ப்பது போல.

"இன்னாடி இது?"

"நானும் நிக்கிறேன்."

"யாரு சொல்லிக் குடுத்தா?"

"அஞ்சு தடவ நீங்கதான் கூட்டியாந்தீங்க. அதுல கத்துக்கினதுதான்."

அதிகாரி எங்கள் இருவரையும் பார்த்துவிட்டுக் கடிகாரத்தைப் பார்த்தார். மூன்று மணி ஆக ஐந்து நிமிடம் இருந்தது. என் தாள்களை வாங்கினார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த எழுத்தர் லிஸ்ட் நம்பர்களை ஒத்துப் பார்த்துக்கொண்டே வந்து, "எல்லாமே ரேகையா இருக்கேம்மா?" என்றார்.

"ஆமாங்க. பத்தும் அவுங்கவுங்க சொந்த ரேகை" என்றேன். அதைச் சொல்லும்போது எனக்கு எவ்வளவு பெருமை. எழுத்தர் அதிகாரியைப் பார்த்தார். அதிகாரி, "நாளைக்குப் பரிசீலனைல பாத்துக்கலாம், உறுதிமொழி சொல்லுங்க" என்றார். நான் தாளை வாங்காமல் முழுவதையும் சொன்னேன். ஆறாவது தடவையாகச் சொன்னாலும் முதல் தடவையாக அதன் அர்த்தம் எனக்குள் இறங்கியது.

வக்கீல் குனிந்து அந்த ரேகைத் தாளைப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார். அவர் முகத்தில் சின்னதாக ஒரு நிம்மதி வந்தது. நான் அதைத் தப்பாக எடுத்துக்கொண்டேன். ரேகையைப் பார்த்ததும் சொல்ல ஒன்றுமில்லாமல் அடங்கிவிட்டான் என்று நினைத்தேன்.

அன்று வீட்டுக்கு வரும்போது இவர் கத்துவார், சாமான் பறக்கும் என்று எதிர்பார்த்தேன். ஒன்றும் இல்லை. கால் கழுவி வந்து உட்கார்ந்து சாப்பிட்டார். "ரசம் நல்லாருக்கு" என்று இன்னொரு கரண்டி வாங்கிக்கொண்டார். மருமகள்தான் என் முகத்தையும் அவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டே பரிமாறினாள். எனக்கு அவர் மேல் ஒரு இரக்கமே வந்தது. மனசு உடைந்துபோய் அமைதியாகிவிட்டார், பாவம் என்று நினைத்தேன்.

மறுநாள் பரிசீலனை. வேட்பாளரோடு முன்மொழிந்தவர் ஒருவர் வரலாம் என்றார்கள். அண்ணியை வரச் சொல்லியிருந்தேன். வியாபாரத்தை விட்டுவிட்டு, கல்யாணத்துக்குக் கட்டுகிற புடவையில் வந்தாள். அவர் மனு ஏற்கப்பட்டது. இன்னும் நாலைந்து பேருடையது ஏற்கப்பட்டது. பிறகு என் பெயரைக் கூப்பிட்டார்கள். மாற்று என்ற சொல் இல்லாமல் என் பெயரை மட்டும் அந்த அறையில் கூப்பிட்டது அதுதான் முதலும் கடைசியும்.

வக்கீல் எழுந்தார். "ஆட்சேபணை சார். பத்தும் கைநாட்டு. எந்த அதிகாரி முன்னாலயும் வெக்கல, அத்தாட்சிக் கையெழுத்து ஒன்னு கூட இல்ல."

அதிகாரி என்னைப் பார்த்தார். "எழுதத் தெரியாதவங்க ரேகை வெக்கலாம்மா. ஆனா எங்க முன்னால, இல்லன்னா அதுக்குன்னு இருக்கிற அதிகாரி முன்னால வெக்கணும். அவர் ஆளைப் பாத்து, ஆமா இவங்க ரேகைதான்னு கையெழுத்துப் போடணும். இல்லன்னா அது செல்லாது. வீட்ல வெச்சீங்களா?"

"வூட்லதான். ஆனா சத்தியமா அவுங்க ரேகைங்க."

"இதுல கையெழுத்துப் போடத் தெரிஞ்சவங்க யாராவது உண்டா?"

"ஏழு பேருக்குத் தெரியும்" என்றேன்.

அறையில் யாரோ சிரிப்பை அடக்கினார்கள். அதிகாரி சிரிக்கவில்லை. "தெரிஞ்சும் ஏன் ரேகை வெச்சாங்க? கையெழுத்தா இருந்தா வீட்ல போட்டாலே போதுமே" என்றார்.

எங்கள் ஊர் வழக்கத்தை அந்த அறையில் எப்படிச் சொல்வது? அண்ணி சொன்னாள். அவள் நின்ற இடத்திலிருந்தே சொன்னாள்.

"கையெழுத்துதான் சார் பொய்யாப் போடலாம். ரேகையப் போட முடியாதுல்ல?"

"நீங்க சொல்றது புரியுதும்மா. சட்டம் வேற மாதிரி இருக்கு."

"அப்ப இங்கயே வெக்கிறேன். மை குடுங்க. மத்தவளுங்களையும் ஒரு ஆட்டோ வெச்சு இட்டாந்துடறேன். எட்டாவது பாஸ் ஒருத்தி இருக்கா, அவளக் கையெழுத்தே போடச் சொல்றேன்."

"நேத்து மூணு மணியோட முடிஞ்சிபோச்சும்மா."

"நேத்து இவ குடுக்கும்போது பாத்தீங்கல்ல? அப்பச் சொல்லியிருக்கலாம்ல?"

"அஞ்சு நிமிஷந்தாம்மா இருந்துச்சு" என்றார் அவர். அவர் குரலில் வருத்தம் இருந்தது. அதை வைத்து நான் என்ன செய்வது? தள்ளுபடி என்று எழுதி முத்திரை வைத்தார்.

வெளியே வந்ததும் அண்ணி புடவைத் தலைப்பை எடுத்து மூக்கைச் சிந்தினாள். "என்னாலதான். நாந்தான் ரேகன்னு சொன்னேன்" என்றாள். நானும் அதையே நினைத்திருந்தேன் என்று அவளிடம் சொல்லவில்லை. மஞ்சக்குப்பத்து மேஜையைப் பற்றியும் சொல்லவில்லை. அதைச் சொல்லியிருந்தால் அவள் பாரம் பாதியாவது குறைந்திருக்கும். எனக்கு வாய் வரவில்லை. இப்போது டியூஷன் டீச்சரிடம் சொல்லி எழுத வைக்கிறேன், அண்ணிக்குப் படிக்கத் தெரியாது.

அன்று சாயங்காலம் அவரிடம் கேட்டேன். "நேத்தே ஒங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும். நீ பின்னால வேற வண்டில வந்தியே, அப்பவே கார்ல வக்கீலு சொல்லிட்டாரு."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"சொல்லி? மணி மூணு ஆயிப்போச்சு." சட்டையைக் கழற்றி மாட்டினார். "எங்கிட்ட முன்னாலயே ஒரு வார்த்த சொல்லியிருந்தா, பத்துப் பேரையும் வண்டி வெச்சு நானே கூட்டியாந்து வெக்கச் சொல்லியிருப்பேன்."

அது நிஜமா என்று எனக்குத் தெரியவில்லை. நிஜமாக இருந்தால் என் பிழைப்பு இன்னும் கேவலம். பொய்யாக இருந்தால் புதிதாக ஒன்றுமில்லை.

வந்த வினை அதோடு நிற்கவில்லை. ஊரில் நாட்டாமைக்காரர்கள் கோயில் முன்னால் கூட்டம் போட்டார்கள். எங்கள் ஊரில் தேர்தலுக்கு யாரை ஆதரிப்பது என்று ஆண்கள் கூடிப் பேசி முடிவு பண்ணுவார்கள். ஊர் முடிவு எடுக்கும் முன்பே பத்துப் பெண்கள் ரேகை வைத்தது குற்றம் என்றார்கள். பத்துப் பேரையும் நிற்கவைத்துக் கேட்டார்களாம். முதலில் ஒருத்தி, பிறகு அவளைப் பார்த்து எல்லாரும், என்னவென்று தெரியாமல் வைத்துவிட்டோம் என்று சொன்னார்களாம். நெத்திலிக்காரி, எட்டாவது பாஸ், அவளும் தெரியாமல் வைத்தேன் என்றாளாம். அண்ணி மட்டும் வாயே திறக்கவில்லை. அவளுக்கும் சேர்த்து அவள் மகன் சொன்னானாம்.

மறுநாள் மீன் விற்கிற இடத்துக்குப் போனேன். மன்னிப்புக் கேட்கத்தான் போனேன். எனக்கு அது பழக்கமில்லை, எப்படி ஆரம்பிப்பது என்று வழியெல்லாம் யோசித்துக்கொண்டு போனேன். நான் வருவதைப் பார்த்ததும் ஒருத்தி கூடையை இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் நகர்த்தினாள். இன்னொருத்தி ஐஸை அள்ளிப் போட ஆரம்பித்தாள்.

"மீனு வாங்குறதுன்னா வாங்கிக்கோக்கா" என்றாள் நெத்திலிக்காரி, என் முகத்தைப் பார்க்காமல். "வேற பேச்சு வேணாம். எதிர்க்கடைல எங்க ஊட்டு ஆளு நிக்குது."

"ஒரே ஒரு வார்த்த சொல்லிட்டுப் போயிடறேன்."

"சொல்லாத. நாங்க சொன்னதும் சொல்லாததும் போதும்."

கால் கிலோ நெத்திலி வாங்கிக்கொண்டு வந்தேன். வீட்டில் யாருக்கும் அன்றைக்கு நெத்திலி வேண்டியிருக்கவில்லை.

பிரச்சாரத்துக்கு என்னையும் ஜீப்பில் நிற்கவைத்தார்கள். நான் வராவிட்டால் புருஷன் பெண்டாட்டி சண்டை என்று பேப்பரில் வந்துவிடுமாம். கைகூப்பினேன். சிதம்பரம், கடலோரம் எல்லாம் கைகூப்பினேன். என் ஊரில் ஜீப் நின்றபோது ஆண்கள் வெடி போட்டார்கள். பெண்கள் வாசலில் ஆரத்தித் தட்டோடு நின்றார்கள். அவர்கள் ஆரத்தி சுற்றியது அவருக்கு. எனக்குக் குங்குமம் மட்டும் வைத்தார்கள். வைத்த கட்டைவிரலை நான் ஒரு கணம் பார்த்தேன், அவ்வளவுதான்.

ஓட்டுப் போடும் நாள் காலையிலேயே போனேன். பள்ளிக்கூடத்துச் சுவரில் வேட்பாளர் பெயர்ப் பட்டியல் ஒட்டியிருந்தது. என் பெயர் அதில் இருக்காது என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் நின்று முதலிலிருந்து கடைசி வரை படித்தேன். எனக்கு நேரமாகும். பின்னால் இருந்தவர்கள், "கெளவி, நவுந்து போ, வெயிலு ஏறுது" என்றார்கள். யாரென்று தெரிந்தவன் ஒருவன் அவர்களை அதட்டினான். உள்ளே போனேன். மறைப்புக்குள் நான் மட்டும்தான். யாரும் பார்க்கவில்லை, யாருக்கு வேண்டுமானாலும் போட்டிருக்கலாம். அவருக்குத்தான் போட்டேன். அவர் ஜெயித்தார்.

ஜெயித்த வாரத்திலேயே அவர் கூடத்தில் உட்கார்ந்து வக்கீலிடம் சொல்லிக்கொண்டிருந்தார், அடுத்த தடவை மாற்று வேட்பாளராக மருமகளைப் போட்டுவிடலாம், இவளுக்கு வயதாகிவிட்டது என்று. நான் காபி கொண்டுபோய் வைத்தேன். வக்கீல் என்னைப் பார்த்து வாயை மூடிக்கொண்டார். இவர் மூடவில்லை.

அண்ணி அதற்கு அப்புறம் ஒரு தடவைதான் சிதம்பரம் வீட்டுக்கு வந்தாள், வஞ்சிரத் துண்டு ஒன்றை இலையில் கட்டிக்கொண்டு. சமையலறையில் கீழே உட்கார்ந்தாள். நான் தண்ணீர் கொடுத்தேன். சொம்பை வாங்கி அரை வாய் குடித்துவிட்டு வைத்துவிட்டாள். பஸ்ஸில் போக வேண்டும், இதற்கு மேல் குடிக்க முடியாது என்றாள்.

"யாருக்குடி போட்ட?" என்று கேட்டாள்.

"அவருக்குத்தான்."

"நாங்களும் அவருக்குத்தான் போட்டோம், பத்துப் பேரும்" என்றாள். "வேற யாரு இருந்தா?"

நான் மீனை எடுத்து அரிய ஆரம்பித்தேன். அண்ணி சொம்பை மூடிவைத்துவிட்டு எழுந்தாள்.